கரடி காசியில் விட்டது

குழந்தைகளே, ஒரு காட்டில் ஒரே ஒரு தேன்மரம்தான் இருந்தது. அதன் அடிப்பொந்தில் வருஷம் தவறாமல் தேன் கட்டும். தொப்பையப்பன் என்ற கரடி அந்த மரத்தைத் தன் உயிராகக் காத்துவந்தது.

அதே காட்டில் சொல்லழகன் என்று ஒரு நரி. அது வாயைத் திறந்தால் கரடிக்குப் பசிகூட மறந்துபோகும்.

"அண்ணா, உங்கள் நடைக்கு முன்னால் யானை பிச்சை வாங்க வேண்டும்!" என்று நரி சொல்லும். கரடி பூரித்துப்போய், தன் குகையை அதற்குக் கொடுத்துவிட்டு வெளியே மழையில் நனையும். தேன்மரத்தை மட்டும் கொடுக்காது.

நரிக்கோ எச்சில் ஊறியது. ஒரு நாள் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வந்தது.

"அண்ணா, காசிக்குப் போகலாம் வாருங்கள். கங்கையில் முழுகினால் ஏழு பிறவிப் பாவமும் போகும். ஆனால் ஒரு வழக்கம் உண்டு. மிகவும் பிடித்த ஒன்றை அங்கே விட்டுவிட்டு வர வேண்டும். விட்டதை அப்புறம் தொடவே கூடாது. தொட்டால் மகாபாவம்!"

"மிகவும் பிடித்ததையா?" கரடியின் முகம் வாடிவிட்டது.

"உங்களைப் போன்ற புண்ணியவானுக்கு இதெல்லாம் ஒரு பெரிய காரியமா?"

அவ்வளவுதான். கரடி அப்போதே கிளம்பிவிட்டது.

காடும் மலையும் கடந்து இருவரும் காசிக்கு வந்தார்கள். சந்துகள் குறுகல், கரடியோ அகலம். எதிரே ஒரு மாடு வழியை அடைத்துக்கொண்டு நின்றது.

"இந்த ஊரில் அவசரம் கிடையாது ஐயா. விசுவநாதர் எங்கும் போய்விட மாட்டார்" என்று அது அசைபோட்டபடியே சொன்னது.

கரடி சிரித்துக்கொண்டு நின்றது. எங்கிருந்தோ கோயில் மணி கேட்டது. சாயங்காலம் கங்கையில் அகல் விளக்குகள் மிதந்து போவதைப் பார்த்தபோது அதற்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. 'வந்தது நல்லதாயிற்று' என்று நினைத்துக்கொண்டது.

மறுநாள் காலை படித்துறையில் ஒரு குரங்கு உட்கார்ந்திருந்தது. வருகிறவர்களுக்கு முறை சொல்வது அதன் வேலை.

"விடப்போவதை நெஞ்சுக்குள் சொல்லி முழுகினால் போதும். கங்கைக்குக் கேட்கும்" என்றது குரங்கு.

நரி முந்திக்கொண்டு நீரில் இறங்கி முழுகி எழுந்து, ஊருக்கே கேட்கும்படி கத்தியது. "நான் பாகற்காயை விட்டேன்!"

கரடி திகைத்தது. "தம்பி, நீ பாகற்காய் தின்று நான் பார்த்ததே இல்லையே?"

"ரகசியமாகத் தின்பேன் அண்ணா. அதன் மேல் எனக்கு அத்தனை உயிர்! நீங்கள் தேனைச் சொல்லிச் சீக்கிரம் முழுகுங்கள். தண்ணீர் குளிர்கிறது."

கரடி இடுப்பளவு நீரில் நின்று நரியை உற்றுப் பார்த்தது. நரியின் திருநீறு கரைந்து மூக்கு வழியாக வழிந்துகொண்டிருந்தது. கரடி வெகுநேரம் யோசித்தது. பிறகு கண்ணை மூடி, நெஞ்சுக்குள் எதையோ சொல்லி, முழுகி எழுந்தது.

திரும்பும் வழியெல்லாம் நரி பேசிக்கொண்டே வந்தது. கரடி 'உம்' கூடக் கொட்டவில்லை. தேன் போன துக்கம் என்று நரி நினைத்துக்கொண்டது.

காட்டில் கால் வைத்ததும் நரி தேன்மரத்துக்கு ஓடியது. அது பொந்துக்குள் தலையை விடுவதற்குள் பின்னாலேயே வந்த கரடி அதை மெல்ல நகர்த்திவிட்டு, ஒரு தேனடையைப் பிய்த்துத் தன் வாயில் போட்டுக்கொண்டது.

"ஐயையோ அண்ணா! காசியில் விட்ட தேனைத் தொடலாமா?"

"தேனை யார் விட்டது?" என்றது கரடி. "மிகவும் பிடித்ததை விட வேண்டும் என்று நீதானே சொன்னாய்? கங்கையில் நின்று நினைத்துப் பார்த்தேன். தேனுக்காக நான் ஒரு நாளும் மழையில் நனைந்ததில்லை. உன் பேச்சுக்காக நனைந்திருக்கிறேன். அதைத்தான் விட்டேன்."

"ஆகா அண்ணா, உங்கள் அறிவுக்கு முன்னால்..."

கரடி இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டது. "தொடக் கூடாது தம்பி, மகாபாவம்!"

நரியின் முகத்தைப் பார்க்கக் கரடிக்கே பாவமாக இருந்தது. ஓர் அடையை எடுத்து நீட்டியது. "கூடக் காசிக்கு வந்தவன் நீ. இந்தா, தின்னு."

வாய் நிறையத் தேன் இருந்ததால் நரியால் ஒரு வார்த்தையும் பேச முடியவில்லை. அன்று நல்ல மழை. கரடி தன் குகையில் நனையாமல் தூங்கியது.

நீதி: நாவுக்கு இனிப்பதைவிடக் காதுக்கு இனிப்பதே அதிகம் கெடுக்கும், முதலில் விட வேண்டியது அதையே.