சுபைதாவின் பேச்சுப் பலகை

தூத்துக்குடியில் பேச்சுப் பயிற்சி நிலையம் ஒன்றின் மாடியில் இசக்கியம்மாள் புரோகிராம் எழுதச் சொல்லிக்கொடுத்தார். அவரிடம் படித்தவர்களில் பெர்க்மான்ஸ் ஒருவர். வங்கி வேலையில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர். ஆசிரியையைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு நாள் காலையில் அவர் கேட்டார்.

"டீச்சர், க்யூட்டியா, ஜிடிகேயா, டபிள்யூஎக்ஸா? எது நல்லது?"

மூன்றும் டூல்கிட்டுகள். திரையில் தெரிகிற ஜன்னல், பட்டன், கட்டம் எல்லாவற்றையும் புரோகிராமருக்குச் செய்து கொடுப்பவை. விண்டோஸில் ஓடும் மென்பொருளை லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்துக்குக் கொண்டுபோக நினைப்பவர் முதலில் இப்படி ஒன்றைப் பிடித்தாக வேண்டும்.

கொண்டுபோக வேண்டியது சுபைதாவின் மென்பொருள். கீழே வரவேற்பு மேஜையில் இருப்பவள் அவள். பிறந்ததிலிருந்து பேச்சு வராது. தொடுதிரை நிறைய வரிசை வரிசையாகப் படங்கள். அவள் ஒன்றைத் தொட்டால் கம்ப்யூட்டர் அந்தச் சொல்லைச் சொல்லும். 'பலகை' என்பார்கள் அதை. அந்தப் பழைய கம்ப்யூட்டர் இப்போது திடீர் திடீரென்று இருண்டுவிடுகிறது. நிலையத்துக்குப் புதிதாக வந்தவற்றில் லினக்ஸ்தான் இருக்கிறது. பழையது ஒரேயடியாக நின்றுபோனால் சுபைதாவின் பேச்சும் நின்றுபோகும்.

"எதுன்னு நீங்க சொல்லிட்டா இன்னைக்கே ஆரம்பிச்சிருவேன் டீச்சர்."

"கீழ போய் சுபைதாகிட்ட கொஞ்ச நேரம் பேசிட்டு வாங்க சார்."

போனார். திரும்பி வந்தார்.

"பேசினேன் டீச்சர். படம் எல்லாம் இப்ப இருக்கிறதே போதுமாம். புதுசா எதுவும் வேண்டாமாம்."

"பேசும்போது அவ எங்க பாத்தா?"

பெர்க்மான்ஸ் யோசித்தார்.

"நான் திரையைப் பாத்துக்கிட்டிருந்தேன் டீச்சர்."

இசக்கியம்மாள் தலையை ஆட்டினார்.

பெர்க்மான்ஸ் தானே தேடிப் படித்தார். டூல்கிட்டுகளில் இரண்டு குணம் உண்டு என்று புரிந்தது. ஒரு வகை, போன ஊரில் என்ன பட்டன் இருக்கிறதோ அதையே கேட்டு வாங்கிக்கொள்ளும். விண்டோஸில் விண்டோஸ் மாதிரி இருக்கும், லினக்ஸில் லினக்ஸ் மாதிரி இருக்கும். இன்னொரு வகை எல்லாவற்றையும் தானே வரைந்துகொள்ளும். எங்கே போனாலும் அதே முகம். ஆனால் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளுக்கு அது பல நேரம் வெறும் படமாகத்தான் தெரியும்.

ஊரோடு ஒத்து வாழ்வதுதானே முறை என்று அவர் முதல் வகையை எடுத்தார்.

வேலை முடிந்தபோது பலகை லினக்ஸிலேயே பிறந்தது போல இருந்தது. மற்ற ஜன்னல்களின் நிறம், அதே வட்டமான ஓரம். படங்கள் மட்டும் புதுத் திரைக்குத் தக்கபடி தள்ளி உட்கார்ந்திருந்தன. எழுத்தைச் சற்றுப் பெரிதாக்கினால் இன்னும் கொஞ்சம் நகர்ந்தன. அதெல்லாம் ஒரு பொருட்டா என்று நினைத்துக்கொண்டார். சந்தோஷமாகக் கீழே கொண்டுபோய் வைத்தார்.

அப்போது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார்.

"டாக்டரம்மா இருக்காங்களா?"

சுபைதாவின் விரல் சட்டென்று போய்த் தொட்டது.

"மழை," என்றது கம்ப்யூட்டர்.

வந்தவர் திரும்பி வாசலைப் பார்த்தார். நல்ல வெயில். அவருக்குச் சிரிப்பு வந்தது.

சுபைதா தலையைக் குனிந்தாள். கட்டம் கட்டமாக விரலை நகர்த்தித் தேடினாள்.

"இருக்காங்க," என்றது கம்ப்யூட்டர்.

அன்றைக்கு முழுக்க அவள் தலை நிமிரவில்லை. சாயங்காலம் பெர்க்மான்ஸ் பக்கத்தில் போய் நின்றார்.

"எப்படிம்மா இருக்கு?"

அவள் வெகுநேரம் தேடினாள்.

"பழகிரும்."

பெர்க்மான்ஸ் மாடி ஏறினார்.

"பழகிரும்னு அவளே சொல்லிட்டா டீச்சர்."

"அப்புறம் ஏன் சார் முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"தெரியலை. எல்லாப் படமும் இருக்கு. குரலும் அதேதான். ஆனா ஏதோ ஒண்ணு குறையுது. என்னன்னு பிடிபட மாட்டேங்குது."

இசக்கியம்மாள், புதுப் பலகையை அவர் சோதித்துப் பார்க்க வைத்திருந்த கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினார்.

"இதுல எங்கூடச் சண்டை போடுங்க. வாயைத் திறக்கக் கூடாது."

"எதுக்கு டீச்சர் சண்டை?"

"காப்பியில சர்க்கரை போடலைன்னு."

பெர்க்மான்ஸுக்கு வேடிக்கையாக இருந்தது. குனிந்தார். காப்பி உடனே அகப்பட்டது. சர்க்கரை எங்கேயோ போயிருந்தது. சாப்பாட்டு வரிசையில் தேடினார். இல்லை. பஸ்ஸுக்கும் சைக்கிளுக்கும் கீழே ஒதுங்கியிருந்தது. பிறகு 'இல்லை'யைத் தேடினார்.

"காப்பி. சர்க்கரை. இல்லை," என்றது கம்ப்யூட்டர்.

வெற்றியோடு நிமிர்ந்தார்.

எதிரே நாற்காலி காலியாக இருந்தது. டீச்சர் எப்போது எழுந்து போனார் என்று அவருக்குத் தெரியவே இல்லை.

இசக்கியம்மாள் படிக்கட்டில் நின்று யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். பெர்க்மான்ஸ் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு செய்ததை எல்லாம் மூடிவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தார்.

இந்த முறை தானே வரைந்துகொள்ளும் வகையை எடுத்தார். பழைய பலகையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படத்தையும் அது இருந்த இடத்திலேயே உட்கார வைத்தார். எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. ஆனால் லினக்ஸின் மற்ற ஜன்னல்களுக்கு நடுவில் அது விருந்துக்கு வந்த அயலூர்க்காரன் மாதிரி நின்றது. அவர் கண்ணுக்கு அது உறுத்தியது. உறுத்தலோடுதான் கீழே கொண்டுபோனார்.

சுபைதா விரலை வைத்தாள். ஒரு படத்தைத் தொட்டாள், இன்னொன்றைத் தொட்டாள். கையை எடுத்துக்கொண்டு, திரும்ப வைத்தாள்.

பெர்க்மான்ஸ் திரையைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் நிமிர்ந்து அவரையே பார்த்தாள். கீழே விரல் தன்பாட்டுக்கு ஓடியது.

"சட்டை," என்றது கம்ப்யூட்டர். "பட்டன். தப்பு."

பெர்க்மான்ஸ் குனிந்து பார்த்தார். மேல் பட்டனை அடுத்த ஓட்டையில் மாட்டியிருந்தார். காலையிலிருந்து அப்படியே அலைந்திருக்கிறார். யாரும் சொல்லவில்லை.

சுபைதா தோள் குலுங்கச் சிரித்தாள். பெர்க்மான்ஸும் வாய்விட்டுச் சிரித்தார்.

அவர் படிகளில் ஓடாத குறையாக ஏறினார்.

"டீச்சர், பேசிட்டா! என்னைப் பாத்தே பேசிட்டா!"

"கேட்டுச்சு சார். உங்க சிரிப்பும் கேட்டுச்சு."

பெர்க்மான்ஸ் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. நெடுநாள் கணக்குக்கு விடை கண்டவர் போலச் சொன்னார்.

"அப்ப லினக்ஸுக்குக் கொண்டுபோக, தானே வரையிற டூல்கிட்தான் டீச்சர் நல்லது. நான்தான் வீணா சுத்தி வந்துட்டேன்."

அவரே தொடர்ந்தார்.

"பார்வையில்லாதவங்க பள்ளிக்கூடத்துல இருந்து கேட்டிருக்காங்க. அவங்க பாட மென்பொருளையும் லினக்ஸுக்கு மாத்திக் கொடுக்கணுமாம். அதுக்கும் இந்த டூல்கிட்டையே எடுத்துக்கலாமில்லையா?"

இசக்கியம்மாள் கையை நீட்டி, அவர் முன்னால் இருந்த திரையை அணைத்தார்.

"இப்பக் கேளுங்க சார்," என்றார்.