பதினைந்தாம் முறை

ஈரோட்டில் ரெஹானா நடத்தும் வீடியோ கேம் கடைக்கு வருகிறவர்கள் அவளைக் குரு என்றுதான் கூப்பிடுவார்கள். கேலியாக ஆரம்பித்தது, அப்படியே பெயராக நின்றுவிட்டது. வயது இருபத்தெட்டு. யாருக்கு எந்த ஆட்டம் ஒத்துவரும் என்று அவள் சொன்னால் அது தப்பியதில்லை.

எபநேசருக்கு ஐம்பத்தொன்று. ரயில் ஓட்டுநர். இரண்டு மாதமாக விடுப்பில் இருந்தார். மனதை வேறு எதிலாவது திருப்பும்படி டாக்டர் சொல்லியிருந்தார். மூன்று நாள் கடைக்கு வந்து, அலமாரியைப் பார்த்துவிட்டு, ஒன்றும் எடுக்காமலே திரும்பிப் போனார்.

நாலாம் நாள் அவளிடமே கேட்டார்.

"எதுல ஆரம்பிக்கறது அம்மணி?"

"கதை கேட்கப் பிடிக்குங்களாண்ணா?"

"பிடிக்கும். ஆனா கை வேகம் பத்தாது. தப்பான பட்டனை அமுக்கிட்டேன்னா?"

ரெஹானா ஒரு ஜப்பான் ஆட்டத்தை எடுத்தாள். ஆர்பிஜி வகை. நாலு பேராகச் சேர்ந்து ஊர் ஊராகப் போக வேண்டும், அங்கங்கே இருப்பவர்களோடு பேச வேண்டும், வழியில் எதிர்ப்படுவதோடு சண்டை போட வேண்டும்.

"முடிக்க அறுபது மணி நேரம் ஆகும்" என்றாள்.

"அறுபதா! சின்னதா ஒண்ணும் இல்லீங்களா?"

"இருக்கு. உங்களுக்கு இதுதான்."

உள்ளங்கையில் அடங்குகிற கருவி ஒன்றில் அதைப் போட்டு, அவரை நாற்காலியில் உட்காரவைத்தாள். எதையும் விளக்கவில்லை.

ஐந்து நிமிடத்தில் கொம்பு முளைத்த தவளை ஒன்று வழிமறித்தது. அடிக்கலாம், தடுக்கலாம், மருந்து எடுக்கலாம், ஓடலாம். எபநேசர் எதையும் தொடவில்லை.

ரெஹானா டீ குடிக்கப் போனாள். திரும்பி வந்து மேசையைத் துடைத்தாள். தவளை அதே இடத்தில் ஆடிக்கொண்டு நின்றது.

"இது ஏன் அடிக்க மாட்டேங்குது?"

"நீங்க முடிவு பண்ற வரைக்கும் அடிக்காதுங்கண்ணா."

"எவ்வளவு நேரமானாலும்?"

"மத்தியானம் வரைக்கும் யோசிங்களேன்."

அவர் தவளையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலை நிமிராமல் சொன்னார்.

"ஒருத்தர் சைக்கிளைத் தள்ளிக்கிட்டு தண்டவாளத்துக்கு வந்துட்டார். எமர்ஜென்சி பிரேக் போட்டேன். அந்த வேகத்துல வண்டி நிக்க முக்கால் கிலோமீட்டர் வேணும். அவர் இருந்தது இருநூறு மீட்டர்ல."

ரெஹானா பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து எபநேசர் தவளையை அடித்தார்.

கருவியை வீட்டுக்கு எடுத்துப் போனார். வாரத்துக்கு ஒருமுறை வந்து, எந்த ஊரைத் தாண்டினோம், யாரைச் சேர்த்துக்கொண்டோம் என்று சொல்லிவிட்டுப் போவார். "சாப்பாட்டுக்குக் கூப்பிட்டா, குகையில இருக்கேங்கறாரு" என்று அவர் மனைவி ஸ்டெல்லா போனில் சிரித்தாள். அந்த நாலு பேரில் மருந்து போடுகிற பெண் கோஹருவிடம் அவருக்குத் தனிப் பிரியம். நல்ல கவசம் எது கிடைத்தாலும் அவளுக்குத்தான் முதலில்.

ஒருநாள் கடை திறப்பதற்கு முன்பே வந்து படியில் நின்றிருந்தார். சரியாகத் தூங்கியவர் மாதிரி இல்லை.

"குரு" என்றார். அவர் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "மலைக்கோட்டை வாசல்ல ஒரு கருங்கவசக்காரன் நிக்கறான். கோஹருவைக் கொன்னுடறான். பதினாலு தடவை மோதிட்டேன். எங்க தப்பு பண்றேன்னு சொல்லுங்க."

"என்னென்ன செஞ்சு பார்த்தீங்க?"

அவர் உள்ளே வந்து உட்கார்ந்து, கருவியை மேசையில் வைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துப் படித்தார். எப்போது தடுத்தார், எப்போது மருந்து கொடுத்தார், வாளை மாற்றியது, அவளைப் பின்வரிசையில் நிறுத்தியது, மூன்று நாள் காட்டில் அலைந்து பலம் சேர்த்துக்கொண்டு வந்தது. இரண்டு பக்கத்துக்கு இருந்தது.

ரெஹானா கடைசிவரை கேட்டாள்.

"எல்லாமே சரிதாங்கண்ணா."

"அப்புறம் ஏன் சாகறா?"

"அந்தச் சண்டையில யாரும் ஜெயிக்க முடியாது. ஆட்டத்தை எழுதினவங்களே அப்படித்தான் எழுதியிருக்காங்க."

எபநேசரின் முகம் சிவந்தது. "அப்ப எதுக்குக் கையில வாளைக் கொடுக்கணும்? மருந்தைக் கொடுக்கணும்? தெரிஞ்சுதான் என்கிட்ட கொடுத்தீங்களா?"

"எடுத்துக் கொடுத்தப்ப உங்க விஷயம் தெரியாது. நீங்க சொன்னதும், திருப்பி வாங்கி வெச்சுக்கலாமான்னு யோசிச்சேன்."

"வாங்கியிருக்கலாமில்ல?"

"இல்லீங்க. இதுதான் சரின்னு பட்டுது. கொடுத்தனுப்பினேன்."

அவர் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தாள். போகவில்லை.

"அவ விழுந்த பிறகு என்ன ஆகுதுங்கண்ணா?" என்று கேட்டாள்.

"தெரியலையே. விழுந்த உடனே நிறுத்திட்டு, முன்னாடி சேமிச்சு வெச்ச இடத்துக்கே போயிடுவேன்."

"பதினாலு தடவையுமா?"

"பதினாலு தடவையும்."

அவள் கருவியை அவர் கையில் வைத்தாள்.

எபநேசர் கோட்டை வாசலுக்குப் போனார். அவசரப்படாமல் சண்டை போட்டார். தெரிந்த எதையும் விடவில்லை, கடைசி மருந்தைக்கூட மிச்சம் வைக்கவில்லை. கோஹரு விழுந்தாள். கட்டைவிரல் தானாக நிறுத்தும் பட்டனுக்குப் போனது.

"நிறுத்தாதீங்க" என்றாள் ரெஹானா.

விரல் பட்டனுக்கு மேலேயே நின்றது. பிறகு விலகியது.

திரை இருண்டது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. மற்ற மூவரும் அவளைத் தூக்கிக்கொண்டு போய்க் கோட்டைக்குக் கீழே ஒரு மரத்தடியில் அடக்கம் செய்தார்கள். எபநேசர் கண்ணைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மழை விட்டு வெளிச்சம் வந்தது. எதிரே அவர் இதுவரை பார்க்காத பாதை ஒன்று மலையிறங்கிப் போனது. மூவரும் அதன் தொடக்கத்தில் அப்படியே நின்றார்கள்.

"ஏன் போகாம நிக்கறாங்க?"

"நீங்க கூட்டிட்டுப் போகணுங்கண்ணா" என்றாள் ரெஹானா.