மேரேஜ் என்ற சொல்லும் வக்கீல் கண்மணியும்

சோழவந்தானில் வெற்றிலை விவசாயம் பார்த்துக்கொண்டே லத்தீனும் சொல்லிக்கொடுத்த பிலோமினா டீச்சரிடம் படித்தவர்களில் வக்கீல் கண்மணிக்குத்தான் வாய் அதிகம். டீச்சரைவிட வயதில் மூத்தவள். கோர்ட்டிலும் சரி, பாடத்திலும் சரி, ஒரு கேள்வியைப் பிடித்தால் விடவே மாட்டாள்.

அன்று நேரே டீச்சரின் வெற்றிலைக் கொடிக்காலுக்கே வந்துவிட்டாள். வரப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தாள். பிலோமினா வெற்றிலைக் கொடிகளை அகத்தி மரங்களில் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், மேரேஜுங்கிற சொல்லு எங்கேயிருந்து வந்துச்சு?"

"லத்தீன்லேருந்துக்கா. புருஷன்னு அர்த்தம் உள்ள சொல்லுலேருந்து."

"பாத்தீங்களா! சொல்லுக்குள்ளேயே புருஷன் சட்டமா உக்காந்திருக்கான். எனக்கு எங்கே இடம்? என்னைக் கட்டிக்கக் கேட்ட இளமாறன் சாயங்காலம் பதிலுக்கு வர்றாரு. மாட்டேன்னு சொல்லிடப் போறேன்."

ஆனாலும் இளமாறனை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதுதான் சங்கடம்.

பிலோமினா வாழைநாரை நீட்டினாள். "ரோமாபுரி விவசாயிங்க திராட்சைக் கொடியை மரத்துல ஏத்திவிடுறதையும் இதே சொல்லை வச்சு, கல்யாணம் பண்ணிவைக்கிறதுன்னுதான் சொன்னாங்க. இந்தா, இந்தக் கொடியைக் கட்டுங்க."

"நல்லாயிருக்கே! அப்ப நான் கொடியா? சாய்ஞ்சுக்க மரம் தேடுற ஆளா நானு?"

பொரிந்துகொண்டே கட்டினாள். கோபத்தில் முடிச்சு இறுகிப்போனது.

"ஐயையோ, தண்டு நசுங்கிடும்!" பிலோமினா அவசரமாக அவிழ்த்தாள். "விரல் நுழையிற மாதிரி கட்டுங்க போதும். கொஞ்ச நாள்ல கணுவுல வேர்விட்டு அதுவே பிடிச்சுக்கும்."

கண்மணி தளர்வாகக் கட்டினாள். பிறகு அந்தக் கொடியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பாவம் டீச்சர் இது. எந்த மரம் வேணும்னு இதை யாரு கேட்டா?"

"யாரும் கேக்கலை. எந்தக் கொடியையும் யாரும் கேட்டதில்லை. உங்ககிட்ட ஒருத்தர் கேட்டுட்டு, பதிலுக்குக் காத்துக்கிட்டு இருக்காரு."

கண்மணி வாய்க்கால் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு வரப்பை நோக்கி நடந்தாள்.

"எங்கேக்கா கிளம்பிட்டீங்க?"

"இளமாறன் வீட்டுக்கு. அவரு கேட்டாச்சு. என்னைக் கட்டிக்கிறீங்களான்னு நானும் அவரைக் கேக்கணும்ல?"

பிலோமினாவின் முகம் பெருமையில் மலர்ந்தது.

"தாராளமாக் கேளுங்கக்கா. அந்தச் சொல்லை உண்டாக்குன ரோமாபுரிக்காரனுக்கு இது தோணவே இல்லை."