ரவிக்கைக்கு மேலே ஒரு விரற்கடை

டாக்டர் நம்பிராஜன் ஓய்வுபெற்றுப் பல வருடங்கள் ஆகின்றன. பேச்சை எங்கே தொடங்கினாலும் அது சுற்றிச் சுற்றி அந்தப் பழைய பெண்கள் வார்டில் வந்து நிற்கும். அந்த வார்டு இப்போது இல்லை. இடித்துவிட்டு அங்கே வண்டிகளை நிறுத்துகிறார்கள். அவர் சொல்லக் கேட்டதைச் சொல்கிறேன்.

தெற்கே ஒரு பெரியாஸ்பத்திரி. ஊசியை வெந்நீரில் கொதிக்க வைத்துப் போட்ட காலம். மார்பில் கட்டி என்று வரும் பெண்களுக்கென்று தனி டாக்டர் யாரும் அங்கே கிடையாது. குடலிறக்கத்துக்கும் பித்தப்பைக்கும் கத்தி எடுக்கிற சர்ஜன்தான் இதற்கும் எடுப்பார். டாக்டர் தில்லைநாயகி ஒருவர்தான் அந்தப் பெண்களையெல்லாம் ஒரே வார்டில் சேர்த்து, மற்ற வேலைகளை விட்டுவிட்டு, அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நம்பிராஜன் அவரிடம் விரும்பிப் போய்ச் சேரவில்லை. அவருக்கு வயிற்று ஆபரேஷனில்தான் ஆசை. கூடப் படித்தவர்கள் கேண்டீனில் விடமாட்டார்கள்.

"என்னடே, பொம்பளை வார்டுல தள்ளிட்டாங்களாமே."

"இருந்துட்டுப் போகட்டும்."

"வளைகாப்புக்குக் கூப்பிட்டா எங்களையும் கூட்டிட்டுப் போ."

ஆனால் அந்த அம்மாளின் கையைப் பார்த்த பிறகு நம்பிராஜனால் வேறு இடத்துக்கு மாற்றல் கேட்க முடியவில்லை. அவ்வளவு அமைதியான கை.

ஒன்றே ஒன்றுதான் அவருக்குப் பிடிபடவில்லை. ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் தில்லைநாயகி வார்டுக்கு வருவார். ஒரு கையில் ஊதா மருந்துப் புட்டி. இன்னொரு கையில் பஞ்சு சுற்றிய தீக்குச்சி. ஆபரேஷன் ஆகப்போகிற பெண்ணைக் கட்டிலில் உட்கார வைப்பார்.

"நல்ல ஜாக்கெட் வேண்டாம்மா. வீட்ல தினமும் போடறது இருக்குல்ல, தொளதொளன்னு போனது. அதைப் போட்டுக்கோங்க."

ஆஸ்பத்திரிக்கு யாரும் பழைய ஜாக்கெட்டோடு வருவதில்லை. வீட்டுக்கு ஆள் அனுப்பி எடுத்துவரச் சொல்வார். அது வரும்வரை அந்தப் பெண்ணோடு ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார். வந்ததும் அதைப் போடச் சொல்லி, கழுத்தோரம், கையோரம், முதுகு எல்லாம் ஊதாவில் கோடு இழுப்பார். பிறகு ஜாக்கெட்டைக் கழற்றச் சொல்லி, அந்தக் கோடுகளுக்கு உள்ளே, மறுநாள் கத்தி போகவேண்டிய வழியை வரைவார்.

நம்பிராஜன் ஒருநாள் கேட்டார்.

"மேடம், காலைல டேபிள்ல படுக்க வெச்சே வரையலாமே. நேரம் மிச்சம்."

"படுத்தா எல்லாம் இடம் மாறிடும், நம்பி."

"புஸ்தகத்துல படுக்க வெச்சுத்தான் படம் போட்டிருக்கு."

"புஸ்தகத்துல இருக்கறவங்க எழுந்து வீட்டுக்குப் போறதில்லை."

நம்பிராஜன் சிரித்து, அதோடு விட்டுவிட்டார்.

மகளின் பிரசவத்துக்காகத் தில்லைநாயகி லீவில் போயிருந்த சமயம். சுயம்புக்கனி என்று ஒரு பெண் வந்தாள். பீடி சுற்றுகிறவள். நம்பிராஜன் தனியாகச் செய்த முதல் ஆபரேஷன் அவளுடையது. டேபிளில் படுக்க வைத்து, புத்தகத்தில் இருந்தபடியே, மார்பிலிருந்து தோளை நோக்கிச் சாய்வாகக் கோடு போட்டார். கட்டி முழுசாக வந்தது. எடுத்த சதையின் ஓரங்களில் நோய் இல்லை என்று பரிசோதனை முடிவும் வந்தது.

லீவு முடிந்து வந்த தில்லைநாயகி அதைப் படித்தார்.

"சுத்தமா எடுத்திருக்கீங்க."

அன்றைக்கு நம்பிராஜனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். தையல் பிரிக்க வந்த சுயம்புக்கனியையும் தில்லைநாயகி பார்த்தார். கழுத்தோரம் வரை ஏறியிருந்த வடுவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

சில மாதங்கள் போயின. சித்திரை வெயிலில் சுயம்புக்கனி தன்னோடு பீடி சுற்றுகிற பொன்னுத்தாயைக் கூட்டிக்கொண்டு வந்தாள். சுயம்புக்கனியின் கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு இருந்தது.

"என்னம்மா, குளிருதா?" என்றார் நம்பிராஜன்.

"ஆமாங்கய்யா."

பொன்னுத்தாய்க்கு மார்பில் கட்டி. ஊசியால் துளி சதையை எடுத்துச் சோதித்ததில் புற்று என்று தெரிந்தது. நம்பிராஜன் பக்குவமாகவே சொன்னார். இப்போதே எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம், தள்ளிப்போடக் கூடாது என்றார்.

பொன்னுத்தாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"எனக்கு ஆபரேசன் வேண்டாங்கய்யா."

"ஏன்?"

"இவளப் பாத்துட்டுத்தான் சொல்லுதேன். தட்டை மடில வெச்சிக்கிட்டு நாள் பூரா குனிஞ்சுதான் இருப்போம். மாராப்பு வெலகாம இருக்குமா? போறவ வாறவ எல்லாம் கழுத்துல என்ன வடுன்னு இவகிட்ட கேக்காளுவ. இவ இப்ப எங்க வீட்டு உள் ரூம்புக்குள்ள தனியா உக்காந்து சுத்துதா. சிரிச்சுப் பேசி எத்தன நாளாச்சி தெரியுமா?"

சுயம்புக்கனி துண்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "என் கதைய ஏன்டி இங்க சொல்லுத?"

நம்பிராஜனுக்குச் சுருக்கென்றது. அது கோபமாக வெளியே வந்தது.

"உசுரு பெருசா, கழுத்து பெருசாம்மா?"

"ரெண்டும் என்னோடதுதான்யா."

சொல்லிவிட்டுப் பொன்னுத்தாய் எழுந்து போய்விட்டாள். சுயம்புக்கனி, "நான் பேசிப் பாக்கேன்யா" என்று பின்னாலேயே ஓடினாள்.

நம்பிராஜன் நேராகத் தில்லைநாயகியின் அறைக்குப் போனார். நடந்ததைச் சொன்னார்.

"நோயை எடுத்தாச்சு, ஆள் உயிரோட இருக்காங்க. வடு எங்க இருந்தா என்ன மேடம்? நீங்களே சொல்லுங்க."

"இப்படி உட்காருங்க. காலரைக் கொஞ்சம் இறக்குங்க."

உட்கார்ந்தார். இறக்கினார். தில்லைநாயகி மேஜையிலிருந்த ஊதாப் புட்டியைத் திறந்து, தீக்குச்சியைத் தோய்த்து, காதுக்குக் கீழிருந்து தொண்டைக்குழி வரை சாய்வாக ஒரு கோடு இழுத்தார். காய்ந்ததும் மேலே இன்னொரு தடவை.

"மேடம், இது லேசுல போகாதே."

"போகாது. அழிக்கப் பார்க்காதீங்க. தானா போகட்டும்."

"எதுக்கு மேடம் இது?"

"உங்க வேலையைப் பாருங்க. கட்டி யாருக்காகவும் காத்திருக்காது."

அறையைவிட்டு வெளியே வந்ததும் வார்டு ஆயா பிடித்துக்கொண்டாள். "என்ன சார், வீட்ல சண்டையா?"

"இல்லம்மா. மருந்துக் கோடு."

"கழுத்துல எதுக்கு மருந்து? கட்டியா?"

டீக்கடையில் கிளாஸை நீட்டிக்கொண்டே கடைக்காரர் கேட்டார். "என்னவே டாக்டரே, பூனை பிராண்டிட்டா?" பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் பேப்பரை மடித்துவிட்டார். பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒரு பெரியவர், தேள்கடிக்குத் தன் ஊரிலும் இப்படித்தான் மருந்து போடுவார்கள் என்று இறங்கும்வரை விளக்கினார். கேண்டீனில் சொல்லவே வேண்டாம்.

"தாலி கட்டின தடம் மாதிரி இருக்கேடே. அந்தம்மா கட்டிட்டாங்களா?"

முதலில் எல்லாருக்கும் பதில் சொன்னார். பிறகு ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பொய் சொன்னார். பிறகு எந்தப் பொய்யை யாரிடம் சொன்னோம் என்பது மறந்துபோயிற்று. வீட்டில் மனைவி காந்திமதிகூட, "அடுத்த வீட்டுக்காரிக்கு என்ன சொல்றதுன்னு நீங்களே சொல்லிக்குடுங்க" என்றாள். யாரும் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. எல்லாரும் அக்கறையாகத்தான் கேட்டார்கள். அதுதான் தாங்கமுடியவில்லை என்பார் நம்பிராஜன்.

கடைசியில் ஒரு கைக்குட்டையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டார். டீக்கடைப் பக்கம் போவதை நிறுத்தினார். மத்தியானச் சாப்பாட்டைத் துணிமூட்டைகள் அடுக்கியிருந்த அறைக்குக் கொண்டுபோய், கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சாப்பிட்டார்.

அப்படிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒருநாள், பாதிச் சோற்றில் கை நின்றது. டிபன் பாக்ஸை மூடினார். கையைக் கழுவினார். பஸ் ஏறிப் பொன்னுத்தாயின் ஊருக்குப் போனார்.

பீடித் தட்டோடு வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரைப் பார்த்ததும் பேச்சு நின்றது. பொன்னுத்தாய் எழுந்து தன் வீட்டுக்குள் கூட்டிப்போனாள். செம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

"கழுத்துல என்னய்யா, கட்டுப் போட்டிருக்கீக?"

நம்பிராஜன் கைக்குட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

பொன்னுத்தாய் அவர் முகத்தைப் பார்த்தாள். "சொல்ல மனசில்லன்னா விடுங்கய்யா. தண்ணியக் குடிங்க."

அத்தனை நாளில் அப்படிச் சொன்னது அவள் ஒருத்திதான். நம்பிராஜன் தண்ணீரைக் குடித்தார். பிறகு தானாகவே கைக்குட்டையை அவிழ்த்தார். அந்த அம்மாள் கோடு போட்டதை, ஆயாவை, பூனையை, தேள்கடியை, எல்லாவற்றையும் சொன்னார். பொன்னுத்தாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உள் அறையிலிருந்து இன்னொரு சிரிப்புச் சத்தமும் வந்தது. சுயம்புக்கனி அங்கேதான் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள்.

அவள் வாசல்நிலை வரை வந்தாள்.

"உங்ககிட்ட முன்னாடியே கேட்டிருக்கணும்மா" என்றார் நம்பிராஜன்.

சுயம்புக்கனி யோசித்தாள். "அப்ப கேட்டிருந்தாலும் உசுரு கெடச்சாப் போதும்னுதான் சொல்லியிருப்பேன்யா." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா கேட்டிருக்கலாம்" என்றாள்.

பொன்னுத்தாய் காலிச் செம்பை வாங்கிக் கீழே வைத்தாள்.

"எனக்கு யாரு செய்வா? அந்தம்மாவா, நீங்களா?" என்றாள் பொன்னுத்தாய்.

"யாரு செய்யணும்னு சொல்றீங்களோ அவங்க."

"சரி. வாரேன். வந்துட்டுச் சொல்லுதேன்."

சொன்னபடி வந்தாள். துணைக்குச் சுயம்புக்கனியும் வந்தாள். துண்டு அவள் கழுத்தில் இருக்கத்தான் செய்தது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம். தில்லைநாயகி புட்டியையும் தீக்குச்சியையும் நம்பிராஜனிடம் கொடுத்துவிட்டு, கட்டிலின் கால்மாட்டில் போய் நின்றுகொண்டார். பொன்னுத்தாய் சொல்லாமலே பழைய ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நம்பிராஜன் ஓரங்களில் கோடு இழுத்தார். ஜாக்கெட்டைக் கழற்றச் சொன்னார். கட்டியைத் தொட்டுப் பார்த்து, அதைச் சுற்றி விடவேண்டிய இடத்தை விரலால் அளந்தார். இன்னொரு முறை அளந்தார்.

கட்டி மேலே இருந்தது. எப்படி வரைந்தாலும் கோட்டின் ஒரு முனை ஜாக்கெட் ஓரத்தைத் தாண்டி வெளியே வந்தது. ஒரு விரற்கடை.

தில்லைநாயகியைத் திரும்பிப் பார்த்தார். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நம்பிராஜன் ஸ்டூலை இழுத்துப்போட்டு, பொன்னுத்தாயின் எதிரே உட்கார்ந்தார்.

"அம்மா, இது முழுசா உள்ள அடங்காது. ஒரு விரற்கடை வெளிய தெரியும்."

"கொறைக்க முடியாதா?"

"குறைச்சா நோய் கொஞ்சம் உள்ளயே தங்கிடலாம். அப்படிச் செய்யறதை நான் சரின்னு சொல்லமாட்டேன்."

பொன்னுத்தாய் ஒரு கையால் சேலையை மார்போடு பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தாள். வார்டில் யாரோ தட்டு கழுவுகிற சத்தம் கேட்டது. எழுந்து போய்விடுவாளோ என்று நம்பிராஜனுக்குப் பயமாக இருந்தது. போனால் தடுப்பதற்குத் தன்னிடம் ஒரு சொல்லும் இல்லை என்றும் தெரிந்தது.

"கண்ணாடி இருக்கா?" என்றாள்.

நர்ஸம்மா தன் கைப்பையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தாள். பொன்னுத்தாய் அதில் தன் கழுத்தையும் தோளையும் பார்த்தாள். தலையைக் குனிந்து பார்த்தாள், பீடி சுற்றும்போது குனிகிற மாதிரி.

"எது வரைக்கும் வரும்?"

நம்பிராஜன் விரலை வைத்துக் காட்டினார்.

"அந்தக் குச்சிய இங்க தாங்க."

கொடுத்தார். பொன்னுத்தாய் கண்ணாடியைப் பார்த்தபடி, அவர் காட்டிய இடம் வரைக்கும் மெதுவாகக் கோட்டை இழுத்து முடித்தாள். கோடு கொஞ்சம் வளைந்தது.

"இம்புட்டுத்தான. கேக்கவளுக்கு நான் சொல்லிக்கிடுதேன்" என்றாள். "நீங்களே செய்யுங்கய்யா."

மறுநாள் ஆபரேஷன் நடந்தது. கட்டி முழுசாக வந்தது. காயம் ஆறி அவள் ஊருக்குப் போனாள். வாசல் வரிசையில் தன் பழைய இடத்திலேயே உட்கார்ந்து பீடி சுற்றுகிறாள் என்றும், யாராவது கேட்டால் ஆபரேஷன் கதையைக் கண், காது, மூக்கு வைத்துச் சொல்கிறாள் என்றும் சுயம்புக்கனி வந்து சொன்னாள். தான் இன்னும் உள்ளேதான் உட்கார்ந்திருப்பதாகவும் சொன்னாள்.

அவள் போன பிறகு நம்பிராஜன் நெடுநேரம் தில்லைநாயகியின் மேஜை முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன நம்பி?"

"ஒண்ணு புரியலை மேடம். சுயம்புக்கனிக்கு வெளிய தெரியறதும் கழுத்துக்குப் பக்கத்துலதான். இவங்களுக்கும் அதே இடத்துலதான். அவங்க உள்ள போயிட்டாங்க. இவங்க வாசல்ல உட்கார்ந்து கதை சொல்றாங்க."

தில்லைநாயகி பார்த்துக்கொண்டிருந்த எக்ஸ்ரேயைக் கீழே வைத்தார்.

"அந்த ஒரு விரற்கடையை வரைஞ்சது யாரு?"