மஞ்சளாவே வேணும்!

வளர்ந்த வாத்தைக் குழம்பில் மட்டுமே பார்த்திருந்த மிராசுதார் கோதண்டபாணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று மாதத்துக்கு முன் வாத்துக்காரி வேம்பாயியிடம் அவர் வளர்க்கக் கொடுத்தது பத்து மஞ்சள் குஞ்சுகள். அவள் ஓட்டி வந்திருப்பதோ பத்தும் வெள்ளை!

"மாத்திட்டியேடி, திருட்டுச் சிறுக்கி! மஞ்சளா கொடுத்ததை மஞ்சளாவே தரணும். இல்லேன்னா உன் மந்தையே எனக்கு!"

வேம்பாயி பணிவாகக் கேட்டாள்: "அப்போ இந்த வெள்ளை வாத்து உங்களோடது இல்லீங்களா, சாமி?"

"சத்தியமா இல்லை!"

அவள் ஓடிப்போய், தன் மந்தையில் நேற்றுப் பொரித்த பத்து மஞ்சள் குஞ்சுகளைக் கூடையோடு கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தாள். வெள்ளை வாத்துகளை ஓட்டிக்கொண்டு கிளம்பினாள்.

போகிற போக்கில் மிராசுதாரைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்:

"இதுகளும் மூணு மாசத்துல வெளுத்துடும், சாமி. அப்பவும் ஒரு சத்தியம் பண்ணுங்க. ஓடியாந்து ஓட்டிக்கிட்டுப் போறேன்."