ஒன்பதாம் அத்தியாயம்

"டீச்சர், எம் பொண்ணுக்கு இந்த ஒன்பதாவது அத்தியாயம் வேண்டாம். வேற எதையாவது குடுங்க."

சங்கரலிங்கம் கேட்கவில்லை. சொன்னார். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் உத்தரவு போட்டுப் பழகிய வாய்.

ஜெபக்கனி டீச்சர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். ஏழாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறவர். சங்கரலிங்கத்தைவிடப் பத்து வயதாவது இளையவர்.

"உக்காருங்க அண்ணாச்சி."

நான் எதிர் மேஜையில் இருந்தேன். கணக்கு வாத்தியார். ஒட்டுக்கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒருத்தர் தும்மினால் இன்னொருத்தர் முகம் துடைக்க வேண்டும். இடம் அவ்வளவுதான்.

முதலில் இந்த நாவல் ப்ராஜக்ட் சமாச்சாரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

முன்னெல்லாம் பிள்ளை தன் பெயரை மட்டும் எழுதும். மற்றதை அப்பா அம்மா செய்வார்கள். தெர்மாகோலில் வீடு, சார்ட்டில் ஜிகினா, கதைச் சுருக்கத்துக்குக் கம்ப்யூட்டர் சென்டர். "நாங்க நேத்துதான் மிஸ் முடிச்சோம்" என்று அம்மாக்கள் கூச்சமே இல்லாமல் சொல்வார்கள். நாங்க என்றால் அம்மாவும் பசை டப்பாவும்.

ஜெபக்கனி வந்து எல்லாவற்றையும் தூக்கி எறிந்தார்.

நாவலில் ஆளுக்கு ஒரு அத்தியாயம். எதில் என்ன நடக்கிறது என்று முன்கூட்டியே வகுப்பில் சொல்லிவிட்டு, சீட்டுக் குலுக்கிப் போடுவார். பிள்ளைகள் வீட்டில் படித்துவிட்டு வர வேண்டும். வெள்ளிக்கிழமை எழுந்து நின்று, தாளைப் பார்க்காமல், அந்த அத்தியாயத்தைச் சொந்த வாயால் சொல்ல வேண்டும். சொந்த வீட்டில் நடந்தது ஏதாவது சேர்த்துச் சொன்னால் இன்னும் விசேஷம்.

எனக்கு இது பிடிக்கவில்லை. பெற்றோர்களுக்கும் பிடிக்கவில்லை. எங்களை யார் கேட்டார்கள்.

சங்கரலிங்கத்தின் மகள் சாதனாவிடம் ஒன்பதாவது அத்தியாயம் இருந்தது.

"அதுல என்ன வருது அண்ணாச்சி?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"நீங்க சொல்லுங்க."

"அம்மாக்காரி செத்துப் போறா."

நாவல் ஒரு இட்லிக்கடைக் குடும்பத்தின் கதை. கடை நடத்துகிறவள் அம்மா. பொன்மணி என்று ஒரு மகள்.

சாதனாவின் அம்மா முத்துச்செல்வி போன வருஷம் காய்ச்சலில் படுத்தார், எழுந்திருக்கவில்லை. பள்ளிக்கூடமே துக்கத்துக்குப் போனது. அன்றைக்கு வாசலில் சங்கரலிங்கம் நின்ற நிற்பு எனக்கு ஞாபகம் இருக்கிறது. யார் கையைப் பிடித்தாலும் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

அவர் பையிலிருந்து நாவலை எடுத்து மேஜையில் வைத்தார். ஒன்பதாவது அத்தியாயம் மொத்தத்தையும் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்திருந்தார். சுற்றிலும். எறும்பு நுழைய முடியாது.

"பிள்ளை இப்பதான் கொஞ்சம் சிரிக்கா. அவளை அத்தனை பேரு முன்னால நிக்க வெச்சு, அம்மா செத்த கதையச் சொல்லச் சொல்லுதீங்க. நல்லா இருக்கா உங்களுக்கு?"

கத்தியிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகத்தான் சொன்னார். நானாக இருந்தால் அந்த நிமிஷமே மாற்றிக் கொடுத்துக் கும்பிட்டு அனுப்பியிருப்பேன்.

ஜெபக்கனி ஒரு வாய் புளிசாதம் சாப்பிட்டார்.

"உங்க கார்ல, உங்க காலுக்குக் கீழயும் ஒரு பிரேக் இருக்கும்லா?"

"இருக்கும்."

"அதுல இருந்து எப்ப காலை எடுப்பீங்க?"

"குழி இல்லாத ரோட்டுல எடுப்பேன். நம்ம ஊர்ல அப்படி ஒரு ரோடு இருந்தா காட்டுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமி மறைத்தேன். ஜெபக்கனி இன்னொரு வாய் புளிசாதம் எடுத்துக்கொண்டார். டீச்சர் தோற்றுவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன்.

"சரி, மாத்தித் தாரேன்" என்றார். "ஆனா படிக்காம எந்த அத்தியாயத்தையும் திருப்பித் தரக் கூடாது. அது கிளாஸ் சட்டம். புஸ்தகம் உங்ககிட்டதான இருந்துச்சு? நீங்க படிச்சிருங்க."

"படிக்காமயா பின் அடிச்சேன்?"

"எவ்வளவு படிச்சீங்க?"

சங்கரலிங்கம் கார் சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"முதல் வரி."

ஜெபக்கனி புத்தகத்தை இழுத்தார். ஸ்பூன் காம்பால் ஒவ்வொரு பின்னாக நெம்பி எடுத்தார். அவசரமே இல்லை. எனக்குத்தான் தவிப்பாக இருந்தது. எல்லாவற்றையும் எடுத்து முடித்து, பக்கத்தைத் தடவி விரித்து, அவர் பக்கம் தள்ளினார்.

"வாய்விட்டுப் படிங்க. பிள்ளைகளுக்கும் அப்படித்தான்."

"இங்கயா?"

"சார் ஒண்ணும் நினைக்க மாட்டாரு."

நான் பரீட்சைத் தாளுக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

"பொன்மணியின் அம்மா விடிவதற்கு முன்பே இறந்துபோனாள்."

அவ்வளவுதான். நின்றுவிட்டார். மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தார். ஜெபக்கனி அடுத்த வரியில் விரலை வைத்தார், சின்னப் பிள்ளைக்கு வைக்கிற மாதிரி.

அவர் மறுபடி ஆரம்பித்தார்.

சாவு அந்த ஒரு வரியோடு சரி. அடுத்த வரியில் விடிந்துவிடுகிறது. விஷயம் தெரியாமல் ஆட்கள் தூக்குவாளியோடு இட்லி வாங்க வருகிறார்கள். கடை இல்லை என்று சொல்லத்தான் பொன்மணி வாசலுக்கு வருகிறாள். அவளால் அதைச் சொல்ல முடியவில்லை. வேறு என்னென்னவோ சொல்கிறாள். மூன்றாம் முறை சட்னி கேட்டவரை அம்மா என்ன பேச்சுப் பேசினாள், காசு குடுக்காமல் நழுவின போலீஸ்காரரைத் தெருமுனை வரைக்கும் எப்படித் துரத்தினாள்.

சங்கரலிங்கம் திக்கித் திக்கித்தான் படித்தார். பக்கம் திருப்பத் திருப்ப வேகம் வந்தது. போலீஸ்காரர் வந்த இடத்தில் மூக்கால் சிரித்தார்.

"செல்வியும் இப்படித்தான் டீச்சர்."

ஜெபக்கனி சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"கல்யாணம் ஆன புதுசு. எங்க அத்தான் விருந்துக்கு வந்தாரு. மூணாவது தடவை சாம்பார் கேட்டாரு. இவ சட்டியோட தூக்கிட்டு வந்து இலைக்குப் பக்கத்துல டங்குன்னு வெச்சா. 'நீங்களே ஊத்திக்கங்கண்ணே, எனக்கு டிவில நாடகம் ஆரம்பிச்சிருச்சு'ன்னுட்டு உள்ள போயிட்டா. மனுஷன் இன்னைக்கு வரைக்கும் எங்க வீட்டுல சாம்பார் கேக்கல."

நான் வாய்விட்டே சிரித்துவிட்டேன். என்ன செய்ய.

பிறகு பஸ் கண்டக்டரோடு சண்டை போட்ட கதை. பிறகு மண்டபத்தில் அடுத்தவர் செருப்பைப் போட்டு வந்துவிட்டு, அதுதான் தன் செருப்பு என்று இரண்டு நாள் சாதித்த கதை. புத்தகம் பாட்டுக்குத் திறந்து கிடந்தது. அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கண்ணீர் மட்டும் கன்னத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதை அவர் துடைக்கக்கூட இல்லை. நான் டிக் போட வேண்டிய கணக்குக்கெல்லாம் தப்புப் போட்டுவைத்து, பிறகு அடித்துத் திருத்தினேன்.

மணி அடித்தது.

அவருக்கு அப்போதுதான் தான் எங்கே இருக்கிறோம் என்பதே தெரிந்தது. கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்தார். எழுந்தார்.

"என்னென்னமோ பேசிட்டேன். தப்பா நினைக்காதீங்க."

"இல்ல அண்ணாச்சி."

"உங்க சட்டப்படி படிச்சாச்சு. பிள்ளைக்கு மாத்திக் குடுத்திருங்க. எனக்கே இப்படி ஆயிட்டு. அவ தாங்க மாட்டா."

"மாத்திரலாம். ரெண்டாவது அத்தியாயம் குடுக்கவா?"

"எதுன்னாலும் சரி."

"அவளுக்குச் சீட்டுல வந்ததே ரெண்டாவது அத்தியாயம்தான்."

சங்கரலிங்கத்துக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

"ஒன்பது வந்தது வேற ஒரு பையனுக்கு. அதுல என்ன வருதுன்னு தெரிஞ்சேதான் சாதனா அவன்கிட்ட கேட்டு வாங்கிக்கிட்டா."

"ஏன்?"

"நானும் அதான் கேட்டேன்."

ஜெபக்கனி டப்பாவை மூடினார்.

"'வீட்டுல அம்மான்னு பேச்செடுத்தாலே அப்பா தண்ணி மோட்டார் போட எந்திரிச்சுப் போயிருதாரு மிஸ். கிளாஸ்ல யாரும் எந்திரிச்சுப் போக முடியாதுலா'ன்னு சொன்னா."