செல்லக்கிளியின் மன்னிப்பு

“அக்கா, ஜனங்க எங்களை மன்னிக்கணுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்க.”

பரிமளம் பீடி இலையை ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

கேட்டவன் இளம்பரிதி. போன மாதம்வரை அமைச்சர். பெரிய கட்சியின் ஆட்சியில் சின்னக் கட்சிக்கு ஒதுக்கிய ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன். தேர்தல் நெருங்கியதும் கூட்டணி முறிந்தது. நாற்காலி போயிற்று. ஆட்சியின் கெட்ட பெயர் மட்டும் கூடவே வந்துவிட்டது.

அவனுக்கு அறுபது வயதாகிறது. பரிமளத்துக்கு அதைவிடச் சில வருடங்கள் கூடுதல், அவ்வளவுதான். ஆனாலும் அவன் அவருடைய மாணவன். துண்டுப் பிரசுரங்களைப் பாடப் புத்தகமாக்கி, பீடிக் காலனியில் அவர் நடத்திய வகுப்பில்தான் அவன் அரசியல் படித்தான். பெரியசாமி என்ற பெயரை இளம்பரிதி என்று மாற்றிக்கொண்டதும் அங்கேதான்.

கட்சி பரிமளத்தைத் தேர்தலில் நிறுத்தியதே இல்லை. அவர் கேட்டதும் இல்லை. காலனி மட்டும் அவர் கை காட்டிய பக்கம் ஓட்டுப் போட்டு வந்தது.

கூட்டணி அமைந்த நாளிலிருந்து அவர் எந்தப் பக்கமும் கை காட்டவில்லை.

இந்த முறை டெபாசிட் போனால் கட்சி முடிந்தது. அது அவனுக்குத் தெரியும். அவர் ஒரே ஒரு தடவை பிரச்சார ஜீப்பில் ஏறி நின்றால் கட்சி பிழைக்கும். அதற்காகத்தான் வந்திருந்தான்.

நெடுநேரம் பேசினான்.

பஸ் கட்டணப் போராட்டத்தில் பிறந்த கட்சி, பஸ் கட்டணத்தை ஏற்றிய அமைச்சரவையில் உட்கார்ந்திருந்தது. ஊரெல்லாம் அதைத்தான் சொல்லிக் காட்டுகிறது. ஆனால் பெரிய கட்சி இரட்டிப்பாக்கவே பார்த்தது; சண்டை போட்டு அந்த ஏற்றத்தைப் பாதியாகக் குறைத்தவன் இவன். கல்லூரிக்குப் போகும் பெண்பிள்ளைகளின் இலவசப் பாஸை எடுத்துவிட முடிவே செய்துவிட்டார்கள். பதவி விலகுவேன் என்று மிரட்டி அதைத் தடுத்தவனும் இவன்தான். வெளியே யாருக்கும் தெரியாது. வெளியே சொல்லக்கூடாது. கூட்டணி தர்மம்.

பரிமளம் சாக்கை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

“பாஸ் விஷயம் எனக்குத் தெரியும். நீ இல்லைன்னா இந்தக் காலனியிலே பாதிப் பிள்ளைங்க படிப்பை விட்டுட்டு பீடி சுத்த வந்திருக்கும். யார் கேட்டாலும் அதைச் சொல்லுவேன்.”

அவன் முகம் தெளிந்தது.

“கட்டணத்தையும் விடு. அரசாங்கம்னா விலையை ஏத்தும்னு ஜனங்களுக்குத் தெரியும். திட்டிக்கிட்டே டிக்கெட் வாங்கிட்டுப் போயிருவாங்க.”

“அப்புறம் என்னக்கா?”

“சுடலைமுத்து பாடையைத் தூக்கின அன்னைக்குக் கட்சி ஆபீஸ் சாவி யார்கிட்ட இருந்துச்சு?”



சுடலைமுத்து கொத்தனார். பரிமளத்தின் வகுப்பில் இளம்பரிதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவன். கட்டணம் ஏறியபோது காலனி சாலைக்கு வந்து மறியல் செய்தது. முன்னால் நின்றவன் அவன். ஆட்சியில் பங்கு வைத்திருந்த கட்சியின் கொடியைப் பிடித்துக்கொண்டு அந்த ஆட்சியை எதிர்த்தே கோஷம் போட்டான். கட்சி மாறிவிட்டது என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

போலீஸ் அடித்தது. ஆஸ்பத்திரியில் உயிர் போயிற்று. கால் வழுக்கிச் சாக்கடையில் விழுந்து இறந்தான் என்று அரசு அறிக்கை விட்டது.

கட்சிக்காரன் செத்தால் உடம்பின்மேல் கட்சிக் கொடி போர்த்துவார்கள். மாலை இல்லாமல் போகலாம், மேளம் இல்லாமல் போகலாம், கொடி இல்லாமல் போகக் கூடாது. வாழ்நாள் முழுக்க அதைச் சுமந்தவனுக்குக் கட்சி திருப்பித் தருவது அது ஒன்றுதான்.

கொடி கேட்டுக் காலனி ஆட்கள் ஆபீஸுக்குப் போனார்கள். பூட்டியிருந்தது. கம்பத்தில் பறந்த கொடியையும் முந்தின நாளே இறக்கி உள்ளே வைத்துப் பூட்டியிருந்தார்கள். சுடலைமுத்து கையில் வைத்திருந்ததைப் போலீஸ் கொண்டுபோயிருந்தது.

பொழுது சாயும்வரை காத்திருந்து பார்த்தார்கள். பிறகு வெறும் உடம்பாகத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அமைச்சரின் டிரைவர் ஒரு மலர்வளையம் கொண்டுவந்தான். அதில் பெயர் இல்லை.

“அது மேலிடத்து முடிவு அக்கா. கொடி போர்த்தினா அரசாங்க அறிக்கை பொய்னு நாங்களே சொன்ன மாதிரி ஆயிரும்னு பயந்தாங்க.”

“நான் சாவியைக் கேட்டேன்.”

“என்கிட்டதான் இருந்துச்சு.”

பரிமளம் சாக்கை மறுபடியும் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

“மன்னிக்கணுமா வேண்டாமான்னு என்னைக் கேட்கிறே. நான் யாரு அதைச் சொல்ல? செல்லக்கிளிகிட்டப் போ. தனியாப் போ. புருஷனைக் கொடுத்தவ அவ. அவ மன்னிச்சுட்டா நான் உன் ஜீப்பில ஏறுறேன்.”

*

நாலு தெரு தள்ளித்தான் வீடு. அந்தத் தூரம் அவனுக்குப் போதவில்லை.

அவளுடைய வாய் அவனுக்குத் தெரியும். கூட்டத்துக்குச் சுடலைமுத்துவைக் கூப்பிடப் போகும்போதெல்லாம் தெருவில் நின்று ஏசுவாள். “ஏ அண்ணே, உனக்குத்தான் வீடு வாசல் கிடையாது. எம் புருஷனையும் ஏன் கெடுக்கே?” ஏசி முடித்த கையோடு இரண்டு பேருக்கும் கஞ்சி ஊற்றி வைப்பாள். ‘கொட்டிக்கிட்டுப் போய்ப் புரட்சி பண்ணுங்க’ என்பாள்.

இன்றைக்கு விளக்குமாற்றை எடுப்பாள். எடுக்கட்டும். மண்ணை வாரித் தூற்றுவாள். தூற்றட்டும். தலையைக் குனிந்து வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தான். வாங்கிக்கொண்டால் பாரம் இறங்கும் என்றுகூட நினைத்தான்.

செல்லக்கிளி வாசலுக்கு வந்தாள்.

“வாங்க சார். உள்ள வாங்க.”

பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு முந்தானையால் துடைத்தாள். செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். வெயிலில் வந்திருக்கிறீர்களே என்றாள். நேற்று பெரிய கட்சி வேட்பாளர் வந்து இதே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போனதாகச் சொன்னாள். நல்ல மாதிரியாகப் பேசினாராம்.

சுவரில் சுடலைமுத்துவின் படம். அதைப் பார்க்காமல் இருக்க, மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டான்.

“காலேஜுக்குப் போறா சார். பாஸ் இருக்கு, அதனால சமாளிக்கோம்.”

அவன் வாயைத் திறந்தான். பிறகு தண்ணீரைக் குடித்தான்.

“கிளி, நான் அன்னைக்கு வரலை.”

“உங்களுக்கு ஆயிரம் சோலி இருக்கும் சார்.”

“ஆபீஸைப் பூட்டினது நான்தான்.”

“தெரியும் சார்.”

“என்னை மன்னிச்சிரு.”

“அதெல்லாம் அப்பவே மன்னிச்சாச்சு சார்.”

அவள் முகத்தில் குத்தல் இருக்கிறதா என்று தேடினான். இல்லை. அழுகையும் இல்லை. வாசலுக்கு வருகிற எல்லாருக்கும் எடுத்து வைத்திருக்கிற முகம் அது.

“ஒரு வார்த்தை திட்டிரு கிளி.”

அவள் நிஜமாகவே குழம்பிப்போனாள்.

“உங்களை நான் எதுக்கு சார் திட்டணும்?”

ஓட்டு கேட்கத்தானே வந்தீர்கள், போட்டுவிடுவோம் என்று அவளே சொன்னாள். வாசல்வரை வந்து கைகூப்பி வழியனுப்பினாள்.

*

தெருமுனையில் ஜீப் நின்றது. பரிமளம் அங்கே வந்து காத்திருந்தார். வெளுத்த புடவையை மாற்றி, மேடைக்கு உடுத்தும் புடவையில் வந்திருந்தார்.

“என்ன சொன்னா?”

“மன்னிச்சுட்டா.”

“நல்லா கேட்டியா?”

“கேட்டேன். அப்பவே மன்னிச்சாச்சுன்னு சொன்னா.”

“சரி. நான் சொன்ன சொல்லை மாத்த மாட்டேன்.”

டிரைவர் ஒலிபெருக்கியைப் போட்டான். காலனி வீடுகளிலிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். வருடக் கணக்கில் வாய் திறக்காத பரிமளம் பேசப் போகிறார் என்று ஒருத்தி உள்ளே திரும்பிச் சொன்னாள். கூட்டம் சேரத் தொடங்கியது. டிரைவரின் முகத்தில் இத்தனை நாளில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

பரிமளம் ஜீப்பின் படியில் கால் வைத்து, ஏற்றிவிடச் சொல்லிக் கையை நீட்டினார்.

இளம்பரிதி கையைப் பிடிக்கவில்லை. எட்டி ஒலிபெருக்கியை அணைத்தான்.

“வேண்டாம் அக்கா. எங்களுக்காக நீங்க ஓட்டு கேட்காதீங்க.”

“ஏன்? அவளே மன்னிச்சுட்டாளே.”

“என்னை சார்னு கூப்பிட்டா அக்கா.”

பரிமளம் படியிலிருந்து காலை இறக்கினார்.